ஆய்வு அட்டவணையை மாற்றியது யார்? ஏபிஐ வழியே மாற்றப் பதிவுகளை எடுத்துப் படிக்கும் முறை

கட்டுமானத் திட்டங்களை மென்பொருளில் நடத்தும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். திரையில் பார்த்தால் கட்டடச் சாரத்துக்கான பாதுகாப்பு ஆய்வு "வாரம் ஒருமுறை" என்று இருக்கிறது. முடிந்த ஆய்வுகளைப் பட்டியலிட்டால் நடுவில் ஒரு வாரம் இல்லை. பொறுப்பான இன்ஜினியர் கோட்டை விட்டாரா, அல்லது அந்த வாரத்தில் அட்டவணையே வேறு மாதிரி இருந்ததா? திரை இன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். அன்றைய நிலை தெரிய வேண்டுமென்றால், யார் எப்போது எதை மாற்றினார் என்று மென்பொருள் எழுதி வைக்கும் மாற்றப் பதிவுகளுக்குள் போக வேண்டும். நாலைந்து அட்டவணைகள் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால், நாம் எழுதும் நிரல் அந்த மென்பொருளிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் ஏபிஐதான் வழி.

ஏபிஐயிடம் கேட்டு வாங்குவது இதில் எளிய பகுதி. வாங்கியதைப் படிக்கும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிக்கே அதிக இடம்.

## அட்டவணை என்பது ஒரு விதி

கைபேசியில் தினமும் காலை ஆறு மணிக்கு அலாரம் வைக்கிறோம். நாம் எழுதி வைத்தது ஒரே ஒரு விதி. அது அடிப்பதோ ஒவ்வொரு நாளும். பிறகு நேரத்தை ஏழாக மாற்றினால் இனி அடிக்கப்போவது மாறும். நேற்று அடித்தது மாறாது. ஆய்வு அட்டவணையும் ஆய்வுகளும் இதே உறவில்தான் இருக்கின்றன.

ஒரு அட்டவணைக்குள் பொதுவாக இருப்பவை:

1. எந்த டெம்ப்ளேட்டின்படி ஆய்வு நடக்க வேண்டும் (சரிபார்க்க வேண்டிய கேள்விகளின் தொகுப்பு).
2. தொடங்கும் தேதி, முடியும் தேதி.
3. எத்தனை நாள், வாரம் அல்லது மாதத்துக்கு ஒருமுறை.
4. யார் செய்ய வேண்டும், எந்த இடத்தில்.
5. கெடு தேதிக்கு எத்தனை நாள் முன்பே ஆய்வுப் படிவம் உருவாக வேண்டும்.

இந்த விதியைப் பார்த்து, உரிய நாள் வந்ததும் சர்வர் தானாகவே ஒரு ஆய்வுப் படிவத்தை உருவாக்கும். உருவான பிறகு அது தனக்கென ஒரு ஐடி கொண்ட தனிப் பதிவு. பல அமைப்புகளில் அட்டவணையை நாளைக்கு மாற்றினாலும் ஏற்கெனவே உருவான படிவம் அப்படியே இருக்கும். சிலவற்றில் இன்னும் தொடங்காத படிவங்களுக்கும் புதிய விதி பாயும். உங்கள் அமைப்பு எந்த வகை என்பதை ஒரு சோதனைத் திட்டத்தில் மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆவணங்கள் இதைத் தெளிவாகச் சொல்வது அரிது.

ஆக மாற்றப் பதிவும் இரண்டு இடங்களில் இருக்கும். அட்டவணையின் மாற்றப் பதிவு விதி எப்படி மாறியது என்று சொல்லும். ஆய்வின் மாற்றப் பதிவு அந்த ஒரு படிவத்தின் கெடு தேதியோ பொறுப்பாளரோ மாறியதைச் சொல்லும். "ஆய்வுத் தேதி மாறியிருக்கிறது, ஆனால் அட்டவணையின் வரலாற்றில் ஒன்றுமில்லையே" என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்திருப்பார்கள். திங்கட்கிழமை படிவத்தை மட்டும் திறந்து யாராவது புதன்கிழமைக்குத் தள்ளினால், அது இரண்டாவது இடத்தில்தான் பதிவாகும்.

ஒரு எச்சரிக்கை. ஆய்வு விடுபட்டதற்குக் காரணம் எப்போதும் யாரோ செய்த மாற்றமாக இருக்க வேண்டியதில்லை. "மாதம் ஒருமுறை, 31ஆம் தேதி" என்று ஒரு விதி இருந்தால் பிப்ரவரியில் என்ன ஆகும்? நாள்காட்டித் தகவல்களுக்கான 2009ஆம் ஆண்டுத் தரநிலை (ஆர்எஃப்சி 5545), இல்லாத தேதிகளைத் தாண்டிப் போகச் சொல்கிறது. அதைப் பின்பற்றும் மென்பொருளில் 31 நாள் இல்லாத ஐந்து மாதங்களிலும் ஆய்வு உருவாகாது. வேறு மென்பொருள் மாதத்தின் கடைசி நாளுக்கு நகர்த்தும். எப்படி நடந்தாலும் மாற்றப் பதிவில் எதுவும் இருக்காது, ஏனென்றால் யாரும் எதையும் மாற்றவில்லை.

## ஒரு மாற்றப் பதிவின் உள்ளே

பெரும்பாலான அமைப்புகள் புலவாரியாகப் பதிவு செய்கின்றன (இடைவெளி, பொறுப்பாளர் போன்ற ஒவ்வொரு விவரமும் ஒரு புலம்). ஒரு பதிவில் ஆறு விவரங்கள் இருக்கும்: பதிவின் ஐடி, எந்தப் புலம் மாறியது, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், மாற்றிய நேரம். சில அமைப்புகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முழு அட்டவணையையும் அப்படியே படியெடுத்து வைக்கும். அங்கே இரண்டு படிகளை ஒப்பிட்டு வித்தியாசத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். படிகள் உள்ள அமைப்பில் "அன்றைக்கு எப்படி இருந்தது" என்பது சுலபம், "எது மாறியது" என்பது வேலை. புலவாரிப் பதிவில் இது தலைகீழ். இனி வருவது புலவாரிப் பதிவைப் பற்றியது.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஒருவர் ஒரே முறை சேமித்தாலும் மூன்று புலங்களை மாற்றியிருந்தால் மூன்று பதிவுகள் வரும். நேரம் மூன்றிலும் ஒன்றாகவோ சில மில்லிநொடி வித்தியாசத்திலோ இருக்கும். பதிவுகளை எண்ணி "மூன்று முறை மாற்றியிருக்கிறார்" என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது.

2. பழைய மதிப்பு காலியாக இருப்பதற்கு இரண்டு பொருள் உண்டு. அட்டவணை அப்போதுதான் உருவாக்கப்பட்டது என்பது ஒன்று. அதுவரை அந்தப் புலம் நிரப்பப்படாமல் இருந்தது என்பது இன்னொன்று.

3. பொறுப்பாளர் போன்ற புலங்களில் மதிப்பு ஐடியாக வருகிறதா, பெயராக வருகிறதா என்று பாருங்கள். பெயரை அன்றைக்கு எழுத்தாகவே சேமித்திருந்தால், பின்னால் அவர் தன் பெயரைத் திருத்தியதும் பழைய பதிவில் ஒரு பெயரும் இன்றைய பட்டியலில் வேறு பெயரும் இருக்கும். ஆள் ஒருவர்தான், பதிவுகளைப் படிக்க நாம் எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு (சிறு நிரலுக்கு) இருவராகத் தெரிவார்.

4. பங்கேற்பவர்கள் போன்ற பல மதிப்புள்ள புலங்கள் முழுப் பட்டியலாகவே இரண்டு பக்கமும் வரும். சேர்க்கப்பட்டவர் யார், நீக்கப்பட்டவர் யார் என்பதை இரண்டு பட்டியலையும் கழித்துத்தான் அறிய முடியும். வரிசை மட்டும் மாறியிருந்தால் அது மாற்றமே இல்லை.

## கேட்பது எப்படி

ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்பதற்கான ஒழுங்கு. கட்டுமான மேலாண்மை மென்பொருள்களில் இது பெரும்பாலும் ரெஸ்ட் முறையில் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வலை முகவரி. வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி முறை வழியே அந்த முகவரிக்குக் கோரிக்கை. பதில் ஜேசான் வடிவத்தில் (ஒவ்வொரு விவரத்தையும் பெயரும் மதிப்புமாக எழுதும் எழுத்து வடிவம்). மாற்றப் பதிவுகளைப் படிக்கக் கெட் வகைக் கோரிக்கை போதும். கெட் எதையும் மாற்றக் கூடாது என்பது எச்டிடிபியின் அடிப்படை விதி. அதனால் நடந்துகொண்டிருக்கும் திட்டத்திலும் பயமின்றி இயக்கலாம்.

வரிசை இப்படி இருக்கும்:

1. அனுமதி. ஓஆத் 2.0 என்ற அனுமதி முறையில் (2012இல் தரநிலையானது) முதலில் ஒரு டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, வாங்க வேண்டும். ஒரு பயனர் உள்நுழைந்து அவர் சார்பில் டோக்கன் வாங்குவது ஒரு வழி. பயனர் யாருமின்றி செயலியே தன் அடையாளத்தைக் காட்டி வாங்குவது மற்றொன்று. இரவில் தானாக ஓடும் வேலைக்கு இரண்டாவதுதான் தோதானது. டோக்கனுக்கு ஆயுள் குறைவு. நீண்ட வேலையின் நடுவில் காலாவதியாகும் என்று எதிர்பார்த்தே ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள்.

2. நிறுவனமும் திட்டமும். ஒரே மென்பொருளில் பல நிறுவனங்களின் தரவு இருப்பதால், எந்த நிறுவனத்துக்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். புரோகோர் என்ற கட்டுமான மேலாண்மை மென்பொருளில் இதற்கென நிறுவன ஐடியைத் தனி ஹெட்டரில் (கோரிக்கையின் தலைப்பகுதியில்) அனுப்புகிறார்கள். திட்ட ஐடி முகவரிக்குள்ளேயே வரும்.

3. அட்டவணைகளின் பட்டியல். அந்தத் திட்டத்தில் உள்ள எல்லா அட்டவணைகளின் ஐடிகளையும் முதலில் எடுங்கள்.

4. ஒவ்வொரு அட்டவணை ஐடிக்கும் மாற்றப் பதிவுகள். சில அமைப்புகளில் திட்டம் முழுவதற்கும் ஒரே கோரிக்கையில் கிடைக்கும். சிலவற்றில் ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

திரையில் உள்ள பெயரை நம்பி ஆவணத்தில் தேடினால் சில சமயம் கிடைக்காது. புரோகோரின் திரையில் இன்ஸ்பெக்‌ஷன் என்று இருப்பது அதன் ஏபிஐ முகவரிகளில் செக்லிஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது. இது தெரியாமல் அரைநாள் தேடுபவர்கள் உண்டு.

பிழை எண்களில் நான்கு முக்கியம். 401 என்றால் டோக்கன் இல்லை அல்லது காலாவதி. 403 என்றால் நீங்கள் யார் என்று தெரியும், ஆனால் உரிமை இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பதிலின் ஹெட்டரிலேயே இருக்கும், அதுவரை காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். 404 என்றால் அப்படி ஒன்று இல்லை.

இந்த 404ஐ மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். பார்க்க உரிமை இல்லாதவரிடம் ஒரு பொருள் இருப்பதையே மறைக்க விரும்பினால், 403க்குப் பதில் 404 தரலாம் என்று எச்டிடிபி தரநிலையே அனுமதிக்கிறது. அட்டவணை அழிந்துபோனதா, உங்கள் கணக்குக்கு அதைக் காட்டவில்லையா என்பதை இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கூடுதல் உரிமையுள்ள கணக்கில் அதே கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள்.

## வந்தது முழுதா?

பதிவுகள் நிறைய இருந்தால் பெரும்பாலான ஏபிஐகள் ஒரே மூச்சில் தராது. பக்கம் பக்கமாகத் தரும். மொத்தம் எத்தனை, அடுத்த பக்கம் எங்கே என்பது சில அமைப்புகளில் ஹெட்டரில் மட்டும் இருக்கும், பதிலின் உடலில் இருக்காது. அங்கே உடலை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட் முதல் பக்கத்தோடு திருப்தி அடைந்துவிடும். பிழை எதுவும் காட்டாது. இந்த வேலையில் மிகவும் ஆபத்தான தவறு இதுதான் என்பேன். விடுபட்டது வெளியே தெரியவே தெரியாது.

பக்க எண்ணை வைத்து நகரும் முறையில் இன்னொரு சிக்கல் உண்டு. பதிவுகள் புதியது முதலில் என்ற வரிசையில் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் யாரோ ஒரு மாற்றம் செய்கிறார். எல்லாப் பதிவுகளும் ஒரு இடம் கீழே தள்ளப்படும். முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் மீண்டும் வரும். பதிவு ஐடியை வைத்து இரட்டிப்புகளை நீக்கிவிட்டால் போதும். பழையது முதலில் என்ற வரிசை கிடைக்குமானால் அதையே கேளுங்கள். புதியவை கடைசியில் சேர்வதால் நடுவில் எதுவும் நகராது.

முழுமையைச் சோதிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ஏபிஐயின் தயவு தேவையில்லை. ஒவ்வொரு புலத்தையும் தனியாக எடுத்து, அதன் பதிவுகளைக் கால வரிசையில் அடுக்குங்கள். ஒரு பதிவின் புதிய மதிப்பு, அடுத்த பதிவின் பழைய மதிப்பாக இருக்க வேண்டும். கடைசிப் பதிவின் புதிய மதிப்பு, இன்று திரையில் இருக்கும் மதிப்பாக இருக்க வேண்டும். சங்கிலி எங்காவது அறுந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

1. ஒரு பக்கம் விடுபட்டது.
2. அந்தப் பதிவைப் பார்க்க உங்கள் கணக்குக்கு உரிமை இல்லை.
3. மொத்தமாக இறக்குமதி செய்தது போன்ற, வரலாறு எழுதாத ஒரு வழியில் மதிப்பு மாறியது.
4. ஒரே மதிப்பு இரு வடிவில் எழுதப்பட்டது (ஒரு இடத்தில் நேரத்தோடு தேதி, இன்னொரு இடத்தில் தேதி மட்டும்).

முதலாவதும் நான்காவதும் ஸ்கிரிப்ட்டில் சரிசெய்யக்கூடியவை. இரண்டாவதற்கு நிர்வாகியிடம் கேட்க வேண்டும். மூன்றாவது என்றால் அந்த இடைவெளியை நிரப்ப வழியில்லை. அறிக்கையில் இடைவெளி என்றே குறிப்பிடுவதுதான் நேர்மை.

## ஒரு கணக்கு

இப்போது தொடக்கத்தில் பார்த்த சாரத்தின் கதைக்கு வரலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. அட்டவணை 2025 மார்ச் 3, திங்கட்கிழமை தொடங்குகிறது. இன்று ஏப்ரல் 10. திரையில் "வாரம் ஒருமுறை, திங்கள், பொறுப்பு: இரண்டாவது இன்ஜினியர்" என்று இருக்கிறது. முடிந்த ஆய்வுகள்: மார்ச் 3, 10, 17, 31, ஏப்ரல் 7. மார்ச் 24 இல்லை.

திரையை மட்டும் பார்த்தால் முடிவு வெட்டவெளிச்சம்: இரண்டாவது இன்ஜினியர் 24ஆம் தேதி ஆய்வைச் செய்யவில்லை. மாற்றப் பதிவுகளை எடுத்தால் இப்படி வருகின்றன:

1. பிப்ரவரி 27: இடைவெளி, காலியிலிருந்து 1 வாரம். பொறுப்பு, காலியிலிருந்து முதல் இன்ஜினியர்.
2. மார்ச் 12: பொறுப்பு, முதல் இன்ஜினியரிலிருந்து இரண்டாவது இன்ஜினியர்.
3. மார்ச் 18: இடைவெளி, 1 வாரத்திலிருந்து 2 வாரம்.
4. ஏப்ரல் 2: இடைவெளி, 2 வாரத்திலிருந்து 1 வாரம்.

முதலில் சங்கிலியைச் சோதிப்போம். இடைவெளி: காலி, 1, 2, 1, இன்று திரையிலும் 1. பொறுப்பும் அப்படியே பொருந்துகிறது. சரி, அறுபடவில்லை.

அடுத்து, மார்ச் 24 அன்று விதி என்ன? இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். இன்று 1 வாரம். ஏப்ரல் 2 பதிவைத் திருப்பினால் அதற்கு முன் 2 வாரம். அதற்கு முந்தைய பதிவு மார்ச் 18, அது 24க்கு முன்னால் நடந்தது, எனவே அங்கே நிறுத்தலாம். மார்ச் 24 அன்று விதி "2 வாரத்துக்கு ஒருமுறை". 17ஆம் தேதிக்குப் பின் அடுத்த ஆய்வு 31தான். அன்றைக்கு அப்படி ஒரு படிவமே உருவாகியிருக்காது. இரண்டாவது இன்ஜினியர் செய்யாமல் விட்டது எதுவுமில்லை.

கேள்வி இப்போது வேறு ஆளிடம் போகிறது: மார்ச் 18 அன்று இடைவெளியை இரட்டிப்பாக்கியவர் யார், எந்த அதிகாரத்தில்? சாரத்தைப் பொறுத்தவரை இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகள், ஒருவர் 2 மீட்டரோ அதற்கு மேலோ விழக்கூடிய கட்டுமானப் பணித்தளங்களை 7 நாளுக்குள் ஆய்வு செய்திருக்காமல் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. அங்குள்ள திட்டமாக இருந்தால், விடுபட்ட ஒரு ஆய்வு என்பதையும் தாண்டி, மார்ச் 18 முதல் ஏப்ரல் 2 வரை அட்டவணையே சட்டத்துக்குப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. ஏப்ரல் 2 அன்று யாரோ அதைக் கவனித்துத் திருத்தியிருக்கலாம். இந்தக் காலகட்டம் முழுதும் இன்றைய திரையில் தடமே இல்லாமல் மறைந்திருக்கிறது.

மாற்றத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இன்றைய மதிப்பிலிருந்து வேறுபட்டதைத்தான் தேடுவார்கள். மாறி, பிறகு பழையபடியே திரும்பிய மதிப்பு அந்தத் தேடலில் சிக்காது. வாரம் ஒருமுறை இரண்டு நிலைகளை எடுத்து ஒப்பிடும் பழக்கத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. நடுவில் மாறித் திரும்பியதை மாற்றப் பதிவுகளில் மட்டுமே பார்க்க முடியும்.

## நேரம் எந்த ஊர் நேரம்

ஜேசானில் தேதிக்கெனத் தனி வகை கிடையாது. எல்லாம் எழுத்துச் சரமாகத்தான் வரும். மாற்றிய நேரம் பெரும்பாலும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கெடு தேதியோ நேரமே இல்லாத வெறும் தேதியாக, திட்டம் நடக்கும் இடத்தின் நாளைக் குறிக்கும். இந்த இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு ஒரு நாள் பிசகும்.

மேலே உள்ள மார்ச் 18 பதிவுக்குப் பதிலாக, இடைவெளி மாறியது 2025 மார்ச் 23, 19:30 யூடிசி என்று வந்திருந்தால்? 23ஆம் தேதி மாறிவிட்டது, 24க்கு முந்தையது, ஆய்வு தேவையில்லை என்று ஸ்கிரிப்ட் சொல்லும். ஆனால் திட்டம் யூடிசியை விட 8 மணி நேரம் முந்திய இடத்தில் இருந்தால், அங்கே அப்போது மார்ச் 24 அதிகாலை 3:30. சர்வர் நள்ளிரவில் படிவங்களை உருவாக்கும் அமைப்பென்றால் அன்றைய படிவம் ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆய்வு தேவைப்பட்டது, செய்யப்படவில்லை. முடிவு அப்படியே மாறிவிடுகிறது.

யூடிசி நேரத்தை யூடிசியாகவே சேமித்து, திட்டத்தின் நேர மண்டலத்தைத் திட்ட விவரத்திலிருந்து எடுத்து, ஒப்பிடும்போது மட்டும் மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியின் நேர மண்டலம் இதற்குள் வரவே கூடாது. கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் இடங்களில் வித்தியாசம் ஆண்டு முழுதும் ஒன்றாக இருக்காது. அதனால் மணிக்கணக்கை எண்ணாக எழுதி வைக்காமல் மண்டலத்தின் பெயரை வைத்துக் கணக்கிடுவதே சரி.

## பதிவால் சொல்ல முடியாதவை

"யார் மாற்றினார்" என்ற புலத்தில் இருப்பது ஒரு கணக்கின் பெயர். ஒரு மனிதர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேறொரு திட்டமிடல் மென்பொருளிலிருந்து இணைப்பு வழியே அட்டவணை மாறினால், பதிவில் அந்த இணைப்பின் சேவைக் கணக்குதான் நிற்கும். அதன் பின்னால் இருந்தவரைத் தேட அந்த மற்ற மென்பொருளின் பதிவுகளுக்குப் போக வேண்டும். ஒரே கணக்கின் கடவுச்சொல்லை நாலு பேர் பகிரும் அலுவலகங்களில் இந்தப் புலத்துக்கு மதிப்பே இல்லை.

ஏன் மாற்றினார் என்பதும் பெரும்பாலும் இருக்காது. காரணத்தைக் கட்டாயமாக எழுத வைக்கும் அமைப்புகள் குறைவு. மாற்றம் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்கப்பட்டதா என்பதும் இதில் இல்லை. அது மின்னஞ்சல் அல்லது அறிவிப்புப் பதிவுகளில் இருக்கும் வேறு விஷயம்.

ஒப்பந்தச் சச்சரவில் இது பெரிதாகும். பல நாடுகளில் பயன்படும், ஃபிடிக் எனும் சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999ஆம் ஆண்டு சிவப்புப் புத்தக மாதிரி ஒப்பந்தப்படி, ஒரு வேலை மூடப்படுவதற்கு முன் அது ஆய்வுக்குத் தயார் என்று ஒப்பந்ததாரர் இன்ஜினியருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், கேட்கும்போது தன் செலவிலேயே திறந்து காட்டி மறுபடி மூட வேண்டும். கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் ஊற்றிவிட்ட பிறகு திறந்து காட்டுவது என்றால் என்ன செலவு என்று சொல்ல வேண்டியதில்லை. மென்பொருளில் ஆய்வுத் தேதியை மாற்றியதே அறிவிப்பாகுமா என்பது ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. மாற்றப் பதிவு தானாக அதற்குச் சான்றாகிவிடாது. அதே ஒப்பந்தத்தில், கால நீட்டிப்போ கூடுதல் பணமோ கோருபவர், அதற்கான நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும். எதிர்த்தரப்பு ஆய்வைத் தள்ளிப்போட்டதால் வேலை தாமதமானது என்று கோருபவருக்கு, தேதி மாறிய நாள் எது என்பது கோரிக்கையின் உயிரையே தீர்மானிக்கக்கூடும். நேர மண்டலத்தில் ஒரு நாள் பிசகினால் 28, 29 ஆகிவிடும்.

## அழிந்த அட்டவணையும் தொடர்ந்து எடுப்பதும்

அட்டவணையை யாராவது அழித்துவிட்டால் அதன் மாற்றப் பதிவுகள் என்னவாகும்? சில அமைப்புகளில் அது குப்பைத் தொட்டிக்குப் போய், மீட்டால் வரலாறும் திரும்பும். சிலவற்றில் தாய்ப் பதிவின் முகவரி 404 தரத் தொடங்கியதும் அதற்குக் கீழே உள்ள வரலாற்றின் முகவரியும் மூடிக்கொள்ளும். தரவு உள்ளே எங்கோ இருக்கலாம், ஏபிஐ வழியே எட்டாது. சச்சரவு வரும்போது போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அழிக்கப்படும் அட்டவணைகள்தான் பெரும்பாலும் சச்சரவுக்குரியவை.

ஆகவே எடுக்கும் வேலை தொடர்ந்து நடக்க வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட இடைவெளியில் நாமே போய்க் கேட்பது. இன்னொன்று வெப்ஹூக்: ஏதாவது மாறியதும் சர்வரே நாம் கொடுத்த முகவரிக்குச் செய்தி அனுப்பும். வெப்ஹூக் உடனடியானது, கோரிக்கை எண்ணிக்கையையும் குறைக்கும். ஆனால் அதன் செய்தியில் பெரும்பாலும் "இந்த ஐடி மாறியது" என்பது மட்டும் இருக்கும். என்ன மாறியது என்று அறிய மறுபடி ஏபிஐயிடம் போக வேண்டும். நம் சர்வர் படுத்திருந்த நேரத்தில் வந்த செய்தி தொலைந்தும் போகலாம், ஒரே செய்தி இருமுறை வரவும் செய்யலாம். எனவே வெப்ஹூக்கை முதல் தகவலாக வைத்துக்கொண்டு, இரவில் ஒருமுறை முழுப் பட்டியலையும் கேட்டுச் சரிபார்ப்பதுதான் பாதுகாப்பான ஏற்பாடு.

இரவு வேலையில் செய்ய வேண்டியவை:

1. திட்டத்தின் அட்டவணைப் பட்டியலை எடுத்து, நேற்றைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். நேற்று இருந்து இன்று இல்லாத ஐடி, அழிக்கப்பட்டது அல்லது மறைக்கப்பட்டது. அதை உடனே குறியுங்கள்.
2. ஒவ்வொரு அட்டவணைக்கும் கடைசியாக எடுத்த பதிவுக்குச் சற்று முந்தைய நேரத்திலிருந்து கேளுங்கள். சரியாக அந்த நொடியிலிருந்து கேட்டால், அதே நொடியில் விழுந்த இன்னொரு பதிவு தப்பிவிடும். இரட்டிப்பானால் ஐடி பார்த்துக்கொள்ளும்.
3. வந்த ஜேசானைத் திருத்தாமல் அப்படியே ஒரு படி, நமக்குத் தேவையான வடிவில் இன்னொரு படி என்று சேமியுங்கள். எடுத்த நேரத்தையும் கூடவே எழுதுங்கள்.
4. சங்கிலிச் சோதனையை ஓட்டி, அறுந்தவற்றை மட்டும் ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்புங்கள்.

மூன்றாவதில் அப்படியே வைக்கும் படி வீண் செலவு என்று தோன்றும். ஏபிஐயின் பதிப்பு மாறி, ஒரு புலத்தின் பெயர் மாறி, நம் மாற்றும் நிரல் சில வாரங்களாகத் தவறாக எழுதிவந்தது தெரியவந்தால், திரும்பப் போய்ச் சரிசெய்ய மூலப் படி மட்டும்தான் உதவும். அதற்குள் அந்த அட்டவணைகளில் சில ஏபிஐயில் இல்லாமலே போயிருக்கலாம்.